வியாழக்கிழமைப் படுக்கை

ஷஃபியுல்லாவுக்கு எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம் வந்துவிடும். டிராமில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, திரும்பி நடந்து வந்த நாட்கள் உண்டு. ஜும்மா பிரசங்கம் பாதி போவதற்குள் கண் செருகும்; பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் மெல்ல இடிப்பார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றுதான் அவனுக்கு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரக் கிடைத்த பொழுது. தொழுகை முடிந்து மீர்சாகிப்பேட்டை வீட்டுக்குப் போவான். தாயார் அஃப்சருன்னிசா சோற்றைப் போட்டுவிட்டு, குழம்பு எடுத்துவர உள்ளே போய்த் திரும்புவதற்குள் சுவரில் தலை சாய்ந்திருக்கும். டாக்டரைப் பெற்றவள் என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு வந்து சேர்வதென்னவோ வாரம் ஒரு நோயாளிதான் என்று அவள் உருதுவில் முணுமுணுத்துக்கொண்டே, எழுப்பாமல் விசிறுவாள்.

தகப்பனார் குலாம் முகம்மதுவுக்குக் குடைக் கடை. கம்பி ஒடிந்த குடையோடு வருகிறவர்கள், பையன் தேறி இத்தனை நாளாச்சே, எப்போது போர்டு மாட்டப் போகிறான் என்று கேட்பார்கள். தேறியபிறகும் என்ன படிப்பு என்பதை அவர்களுக்கு விளக்க அவரால் முடியவில்லை. மகன் ஒருமுறை சொல்லித்தான் இருந்தான். பட்டம் வாங்கினால் டாக்டர் என்று பெயர். உள்நோய் வைத்தியம் பழக வேண்டுமானால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே குடியிருந்து வருஷக்கணக்காக உழைக்க வேண்டும். அவனை ஹவுஸ் பிசிஷியன் என்பார்கள். சம்பளம் கிடையாது. தங்க ஓர் அறை. சலவைக் கூடத்துக்கு மேலே, எப்போதும் ஈரத்துணி வாடை. முதல் அரை வருஷம் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்ப்பதும், ரத்தத்துளியைத் தடவிச் சாயம் போட்டுப் பார்ப்பதுமாகப் போகும். அடுத்தது காய்ச்சல் கொட்டகை. அதற்குப்பின் வெளிநோயாளிகள் பகுதி. கடைசி வருஷத்தில்தான் வார்டு கைக்கு வரும். அதிலும் கையில் வருவது நோயாளிகள்தான், முடிவெடுக்கிறவர் பெரிய டாக்டர். இதையெல்லாம் கேட்டுக்கொண்ட குலாம் முகம்மது, வாடிக்கையாளர்களிடம், "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு" என்று மட்டும் சொல்லி வந்தார்.

அவர் அறியாமலே சொன்னது சரிதான். உண்மையிலேயே கொஞ்சம்தான் பாக்கி.

மயிலாப்பூரிலிருந்து தேனாம்பேட்டைக்குப் போகிற சாலையில், தூங்குமூஞ்சி மரங்களுக்குப் பின்னால் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் உள்நோய் வார்டுகள் இரண்டு. முதல் வார்டு டாக்டர் தேசிகாச்சாரியினுடையது, இரண்டாவது டாக்டர் தங்கவேல் முதலியாருடையது. ஷஃபியுல்லா முதல் வார்டு. எம்.டி. பரீட்சைக்கு விண்ணப்பம் போட தேசிகாச்சாரியின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு அவர் தாமாக ஒரு நிபந்தனை வைத்திருந்தார். நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், நரம்பு, இருதயம் என்று உறுப்புக்கு ஒரு நோயாளியை, வந்த நாள் முதல் தானே பார்த்து, அவர் கட்டில் கட்டிலாகச் சுற்றி வரும் வியாழக்கிழமை ரவுண்டில் மாணவர்கள் நடுவில் நின்று, கையில் காகிதமில்லாமல் ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டும். இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம் தடுமாறினாலும், "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று நகர்ந்துவிடுவார். மற்ற உறுப்புகளை ஷஃபியுல்லா கடந்துவிட்டான். இருதயம்தான் நின்றது. மழைக்காலம் முடிந்தால் விண்ணப்பத்துக்குக் கெடு. இந்த வருஷம் தவறினால் மறுபடி ஒரு வருஷம் அந்த ஈரத்துணி வாடை.

இருதய நோயாளிகள் வராமல் இல்லை. வருகிற கிழமைதான் சரியாக இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஒருவன் என்ன நோயோடு வந்தான் என்பதைவிட என்றைக்கு வந்தான் என்பதே பெரிது. திங்கள், வியாழன், சனியில் வந்து படுத்தால் தேசிகாச்சாரியின் ஆள். செவ்வாய், புதன், வெள்ளி என்றால் முதலியாரின் ஆள். ஞாயிறு மாற்றி மாற்றி. ஒருவர் பெயரில் படுத்தவனை இன்னொருவர் தொடுவதில்லை. வீட்டுக்குப் போகும்வரை, அல்லது மற்ற வழியாகப் போகும்வரை, அவன் அந்த வார்டுக்கே சொந்தம். இரண்டு பெரிய டாக்டர்களும் ஒரே காலத்தில் படித்தவர்கள், ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகிறவர்கள். நோயாளி விஷயத்தில் மட்டும் வரப்புத் தகராறு உள்ள பங்காளிகள்.

பச்சையம்மாவை ஷஃபியுல்லாவுக்கு முன்பே தெரியும். நொச்சிக்குப்பத்துக்காரி, மீன் விற்கிறவள், முப்பது வயது இருக்கலாம். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சலில் கிடந்தவள். அந்தக் காய்ச்சல் போகிற போக்கில் இருதயத்தின் ஒரு கதவைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. வெயில் காலத்தில் ஒரு திங்கட்கிழமை மூச்சுத் திணறி வந்து முதல் வார்டில் படுத்தாள். அப்போது அவளைச் சொல்லும் முறை வேறொருவனுக்கு. ஆனால் அவள் நெஞ்சில் கேட்டதை ஷஃபியுல்லா மறக்கவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் சற்று முன்னால், தூரத்து மரப்பாலத்தில் கட்டைவண்டி ஏறுவது போல ஓர் உருட்டல்; உடனே யாரோ கதவை அறைந்து சாத்தியது போலத் துடிப்பு. புத்தகத்தில் வரி வரியாகப் படித்ததை ஒரு காது முழுக்கக் கேட்டது அன்றைக்குத்தான். இரவில் வார்டு அடங்கியபிறகு அவன் இரண்டாம் முறை போய்க் கேட்டதும் உண்டு.

மாணவர்கள் வரிசையாக வந்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுப் போனதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் நின்ற நர்ஸ் ஜெசிந்தாவிடம், "செவுளைத் தூக்கிப் பாக்காம யாரு மீனு வாங்குறாங்க? பாத்துட்டுப் போவட்டும்" என்றாள். ஜெசிந்தா சாந்தோம்காரி, அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு ஆடியது.

படுக்கை போதாத நாளில் பச்சையம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு மாதம் ஒருமுறை மருந்துப் புட்டியோடு வருவாள். வேளைக்கு எவ்வளவு என்று காகிதத்தில் பல் வெட்டி ஒட்டிய புட்டி. அவளைப் பார்க்கும் போதெல்லாம் ஷஃபியுல்லா விசாரிப்பான்: கால் வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், உடனே வா. மனதார அவள் நலத்துக்காகச் சொன்னதுதான். அவள் மறுபடி படுத்தால் இம்முறை சொல்வது தன் முறை என்பதும் அதே மனதில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் சுவர் ஒன்றும் இல்லை.

ஒரு புதன்கிழமை காலை அவள் வந்தாள்.

ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் ஏறாத வேளை. வெளிநோயாளிகள் பகுதியில் அன்று அவனுக்கு முறை. மூன்று படிகளை அவள் ஒவ்வொன்றிலும் நின்று நின்று ஏறியதை அவன் மேஜையிலிருந்தே பார்த்தான். இருமல்காரர்கள் நால்வரைச் சீக்கிரம் அனுப்பிவிட்டு அவளைக் கூப்பிட்டான்.

"இன்னாமோ தெர்ல சாயபு, படுத்தா நெஞ்சு மேல ஆளு குந்திக்கினு கீற மாதிரி கீது. ஒக்காந்துக்கினே தூங்குறேன்" என்றாள். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினான். குழி அப்படியே நின்றது. முதுகில், கீழ்ப்பக்கம், உப்பு பொரிகிற சத்தம் கொஞ்சம். நெஞ்சில் குழாயை வைத்தான். வண்டி பாலம் ஏறியது. கதவு சாத்தியது. முன்பு கேட்டதைவிடத் தெளிவு.

அவளைப் படுக்க வைக்க வேண்டும் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. முதலியாரின் வார்டு ஜன்னலோரம் இரண்டு கட்டில்கள் காலியாக இருப்பதைக் காலையில்தான் பார்த்திருந்தான். சீட்டில் பெயர் எழுதினால் போதும். எழுதினால் அவள் புதன்கிழமைக்காரி. மறுநாள் ரவுண்டில் அவளைத் தாண்டித்தான் அவன் நடந்து போக வேண்டும்.

பேனாவை மைக்கூட்டில் தோய்த்தான். துடைத்தான்.

"இன்னிக்கி எடம் இல்ல பச்சையம்மா. நாளைக்குக் காலைல வந்துடு. நான் வாசல்லயே நிக்கிறேன்."

"நாளிக்கி கண்டிப்பா எடம் கீதா?"

"கண்டிப்பா."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அலைய வேண்டியதில்லை என்று யாரோ உறுதி சொன்ன நிம்மதி. மருந்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தான். ராத்திரி தலைமாட்டை உயர்த்திப் படு, உப்பைக் குறை, கூடை தூக்காதே என்றெல்லாம் சொன்னான். எல்லாம் சரியான யோசனைகள். அவள் தலையை ஆட்டிவிட்டு, ஏறியது போலவே படிக்கு ஒருமுறை நின்று இறங்கினாள்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் மாசிலாமணி பிடித்துக்கொண்டான். முதலியாருடைய வார்டின் ஹவுஸ் பிசிஷியன், ஷஃபியுல்லாவோடு ஒரே வகுப்பு. அந்த இடத்தில் இன்னும் சிரிக்கத் தெம்பு வைத்திருந்த ஒரே ஆள்.

"இன்னா பாய், காலைல படியேறிச்சே ஒரு அம்மா, உன் பழைய ஹார்ட்டுதானே? எனக்கு வந்திருக்க வேண்டியது. ஊறப் போட்டுட்டியா?"

ஊறப் போடுவது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. தன் கிழமை வரும்வரை நல்ல நோயாளியை வீட்டில் நிறுத்தி வைப்பதற்குப் பெயர். புதிதாக யாரும் கண்டுபிடித்ததல்ல. அவர்களுக்கு முன்னால் அந்த ஈரத்துணி அறையில் இருந்தவர்கள் விட்டுப் போன பழக்கம். மாசிலாமணியே போன மாதம் ஒரு சிறுநீரகத்தை ஊறப் போட்டு எடுத்தான். அதனால் யாரும் செத்ததாகத் தெரியாது. செத்திருந்தால் வீட்டில் செத்திருப்பார்கள். அது ஆஸ்பத்திரிக்குத் தெரிய வழி இல்லை.

நாளைக்கு வருவாள் என்று மட்டும் ஷஃபியுல்லா சொன்னான். அதன்பின் தனக்குள் ஒவ்வொரு காரணமாக எடுத்து வைத்துப் பார்த்தான். முதலியாரின் வார்டில் போட்டால் அவளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். எனக்கு அவள் நெஞ்சு பாடம். ஒரு ராத்திரிதான். மருந்து கொடுத்தாயிற்று. எல்லாமே உண்மை. அதற்கு அடியில் இருந்ததை மட்டும் அவன் எடுக்கவில்லை. எடுக்க முடியாமல் அசதி என்று வைத்துக்கொண்டான். அன்றிரவு மூன்று காய்ச்சல்காரர்களுக்கும் ஒரு குடிகாரனுக்கும் நடுவில், அவளை எப்படி ஆரம்பித்து எப்படி முடிப்பது என்று இங்கிலீஷ் வாக்கியங்களை வாய்க்குள் உருட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தான்.

வியாழக்கிழமை விடிந்ததும் வாசலில் போய் நின்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பால்காரர்கள் போனார்கள். சைக்கிளில் மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். அவள் வரவில்லை. வந்தவன் அவள் புருஷன் முனியன்; இடுப்பில் நனைந்த துண்டு, காலெல்லாம் மணல், ஓடி வந்த மூச்சு.

அவன் ஷஃபியுல்லாவைப் பார்த்ததும் கேட்டது, இப்போது கூட்டிக்கொண்டு வரலாமா, இடம் காலியாகிவிட்டதா என்பதைத்தான்.

ஏன், அவள் எங்கே என்று ஷஃபியுல்லா கேட்டான்.

"ராவெல்லாம் குந்திக்கினே கீறா டாக்டரே. நொர நொரயா எச்சி வருது. நேத்து பொழுது சாயறப்பவே தூக்கிக்கினு வரேன்னேன். அவதான் வேணாம்னுட்டா. சாயபு நாளிக்கித்தான் எடம்னு சொல்லிச்சு, இப்ப போனா தொரத்திடுவாங்க, நாளிக்கி இருக்கற எடமும் பூடும்னு ஒரே அழும்பு."

தன் வார்டு சேர்க்கை நாளில் ஹவுஸ் பிசிஷியன் வாசலைத் தாண்டக் கூடாது. அது அந்த இடத்துச் சட்டம். ஷஃபியுல்லா உள்ளே போய் மாசிலாமணியிடம் வார்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். எதற்கென்று சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்த மாசிலாமணி கேலி ஒன்றும் பேசாமல், போ என்று கையைக் காட்டினான்.

லஸ் முனையில் ஒரு கை ரிக்‌ஷாவைப் பிடித்தார்கள். அவன் ஏறவில்லை, ஏறினால் இழுப்பவன் வேகம் குறையும் என்று முனியனோடு கூடவே ஓடினான். கச்சேரி ரோடு அப்போதுதான் கடை திறந்துகொண்டிருந்தது. கோட்டு போட்ட ஒரு டாக்டர் வண்டிக்குப் பின்னால் ஓடுவதைப் பார்த்து, பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவர் குச்சியை வாயிலேயே விட்டுவிட்டு நின்றார். சாந்தோம் தாண்டியதும் கடல் தெரிந்தது. குப்பத்துப் பெண்கள் கூடையோடு எதிரே வந்தார்கள். வழி விட்டு ஒதுங்கினார்கள். எங்கே போகிறார்கள் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

பச்சையம்மா குடிசைக்கு வெளியே, காற்றுக்காக, கட்டுமரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். உதடு நாவல் பழம் தின்றது போலிருந்தது. கழுத்து நரம்பு புடைத்து ஆடியது. மணிக்கட்டைப் பிடித்தான். நாடி ஓடியது, நின்றது, இரண்டு சேர்ந்து வந்தது, ஒன்று வராமலே போனது. தகரக் கூரையில் தூறல் விழுவது போல, ஒரு கணக்கிலும் அடங்காமல். குழாயை நெஞ்சில் வைத்தான். அவன் காது முதலில் தேடியது அந்த உருட்டலைத்தான். இருதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்குவதை விட்டுவிட்டால் அந்த ஒலி மறைந்துவிடும். அது அவன் படித்தது. மறைந்துவிட்டிருந்தது. அட, போய்விட்டதே என்று மனம் சொன்னது. என்ன போய்விட்டது என்று வருத்தப்படுகிறோம் என்பது ஒரு மூச்சு கழித்துத்தான் உறைத்தது. குழாயைச் சுருட்டிப் பையில் போடக் கை வரவில்லை.

திரும்பும்போது முனியன் ரிக்‌ஷாவில் அவளைத் தாங்கி உட்கார்ந்தான். ஷஃபியுல்லா மணிக்கட்டை விடாமல் பக்கத்தில் நடந்தான்.

வார்டில் ஜெசிந்தா தயாராக இருந்தாள். முதுகுக்குச் சாய்பலகை, முன்னால் குனிந்து தலை வைக்க ஒரு சிறு மேஜை, அதன் மேல் தலையணை. மார்பியா ஊசி போட்டார்கள். நாடியை அடக்க டிஜிடாலிஸ் கொடுத்தார்கள். அதன்பிறகு செய்ய ஒன்றும் இல்லை, காத்திருக்க வேண்டியதுதான். அந்தத் தொழிலில் பாதி அதுதான், அதைச் சொல்லிக் கொடுப்பவர் யாருமில்லை. மெல்ல மெல்ல மூச்சின் சத்தம் தணிந்தது. உதட்டின் நிறம் கொஞ்சம் திரும்பியது. ஷஃபியுல்லா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பச்சையம்மா கண்ணைத் திறந்தாள்.

"சாயபு."

"பேசாதே. மூச்சு வாங்கும்."

"அந்தாண்ட வார்டுல, வர்ற வயில பாத்தேன், ரெண்டு கட்டிலு சும்மா கீது. இன்னிக்கிதான் காலி ஆச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஜெசிந்தா தெர்மாமீட்டரை உதறிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அவள் மறுத்துப் பேசப் போவதில்லை. ஆனால் பொய்க்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. நேற்று இருந்தது, இன்று அவனிடம் இல்லை.

"நேத்தும் காலியாத்தான் இருந்துச்சு. அது வேற டாக்டர் வார்டு. எனக்கு நீ இந்த வார்டுல வேண்டியிருந்துச்சு."

"இன்னாத்துக்கு?"

"பரீட்சைக்கு. பெரிய டாக்டர் முன்னால உன் நெஞ்சப் பத்திச் சொல்லிக் காட்டணும். நேத்து படுத்திருந்தா நீ எனக்குக் கெடைக்க மாட்டே."

அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். விலை சொல்லிவிட்டுப் போகாமல் நிற்கிறவனைப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று அவன் நினைத்தான்.

"எங்க வூட்டுக்காரு கைல சொல்லாத," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "அதுக்கு வெறி வந்துடும். ராவெல்லாம் அது அழுதுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னிக்கி எவனும் எம் மேல குழா வெக்கக் கூடாது. நீ வெச்சிக்கோ, வைத்தியத்துக்கு. வேற ஒரு பயலும் கிட்ட வரக் கூடாது" என்றாள்.

சரி என்றான்.

அந்தச் சரியின் விலை என்ன என்பதை வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டபோதுதான் அவன் எண்ணிப் பார்த்தான். தேசிகாச்சாரியின் ரவுண்ட் வந்துகொண்டிருந்தது. சரிகைத் தலைப்பாகை, அல்பாகா கோட்டு, நெற்றியில் ஒற்றைத் திருமண். பின்னால் மாணவர்கள். புதிதாக மாம்பலத்துப் பக்கம் தியாகராய நகரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார். அன்று செங்கல் வண்டி சகதியில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லியபடி வந்தார். நல்ல மனுஷர்தான். நோயாளிகளிடம் குரலை உயர்த்த மாட்டார். இருதயம் என்றால் மட்டும் சின்னப் பையன் மாதிரி ஆகிவிடுவார்.

"என்ன ஷஃபி, உன் ஹார்ட் வந்துடுத்தாமே?"

வந்துவிட்டாள் என்றும், நாடி ஒழுங்கு கெட்டுவிட்டது, பழைய ஒலி இப்போது இல்லை என்றும் ஷஃபியுல்லா சொன்னான். அதைச் சொன்னால் ஆர்வம் குறைந்து நகர்ந்துவிடுவாரோ என்று ஒரு நப்பாசை. நடந்தது நேர்மாறு. அவர் முகம் மலர்ந்தது.

"போயிடுத்தா? அன்னிக்கு இருந்தது, இன்னிக்கு இல்லை. ரெண்டையும் ஒரே காதால கேட்டிருக்கே நீ. இந்த மாதிரி யாருக்குக் கிடைக்கும்? நான் படிக்கறச்சே எனக்குக் கிடைக்கலை. ஆரம்பி, ஆரம்பி." மாணவர்களிடம் திரும்பி, "ஒவ்வொருத்தரா வந்து கேளுங்கோ. இருந்த இடம் எப்படி வெறிச்சுன்னு இருக்குன்னு கேளுங்கோ" என்றார்.

மாணவர்கள் குழாய்களைக் கழுத்திலிருந்து எடுத்தார்கள். பச்சையம்மா மேஜைத் தலையணையில் கன்னத்தை வைத்தபடி ஷஃபியுல்லாவைப் பார்த்தாள்.

அவன் கட்டிலுக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றான்.

"சார், இன்னிக்கு இவங்கள யாரும் தொட வேண்டாம்."

"அவ்வளவு மோசமா இருக்காளா?"

அதோ இன்னொரு வாசல் திறந்திருந்தது. ஆமாம் சார் என்றால் போதும். அடுத்த வியாழக்கிழமை அவள் தெம்பாக இருப்பாள், கேட்டுக்கொண்டால் இரங்கவும் இரங்குவாள், அவன் வாக்கியங்கள் எங்கும் போய்விடாது.

"மோசம்தான் சார். ஆனா அதுக்காகச் சொல்லல. அவங்களுக்கு இஷ்டமில்ல."

"போன தடவை சிரிச்சுண்டுன்னா காட்டினா?"

"நேத்தே வந்தாங்க சார். கட்டில் காலியா இருந்துச்சு. எடம் இல்லேன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். நேத்து நம்ம கிழமை இல்ல."

தமிழிலேயே சொல்லிவிட்டான். ரவுண்டில் யாரும் தமிழில் கேஸ் சொல்வதில்லை. பக்கத்துக் கட்டில் கிழவிக்குக்கூடப் புரிந்து அவள் தலையைத் தூக்கினாள். ஒரு மாணவன் குழாயைச் சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொண்டான். மற்றவர்கள் பெரிய டாக்டரைப் பார்த்தார்கள்.

தேசிகாச்சாரிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் ஷஃபியுல்லாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தில் ஒரு கணம், தெரியாத விஷயம் ஒன்றைக் கேட்ட சாயல் தெரியவில்லை. அவரும் இந்த வார்டுகளில் வளர்ந்தவர்தான்.

"பசங்க எதிர்ல இதைச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றார் தணிந்த குரலில். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கேஸைச் சொல்றியா, இல்லையா?"

"இல்ல சார். இவங்கள வெச்சு என்னிக்கும் சொல்ல மாட்டேன்."

"அடுத்த ஹார்ட் எப்போ வருமோ. அதுக்குள்ள கெடு முடிஞ்சுடும். தெரியுமோன்னோ?"

"தெரியும் சார்."

"உங்கப்பாகிட்ட நீயே சொல்லிக்கோ" என்று அவர் திரும்பினார். மாணவர் கூட்டமும் அவரோடு திரும்பி, கிழவியின் கட்டிலைச் சூழ்ந்துகொண்டது. "இது என்ன, கல்லீரலா?"

பதில் சொல்ல வேண்டியவன் ஷஃபியுல்லா. அவன் வார்டு அது. ரவுண்ட் முடிய இன்னும் பாதிக் கட்டில்கள் இருந்தன. குனிந்து பச்சையம்மாவின் மணிக்கட்டில் விரலை வைத்தான். நாடி இன்னும் ஒழுங்கில்லாமல்தான் ஓடியது. ஆனால் காலையில் துரத்தப்பட்டது போல ஓடியது இப்போது அங்கங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டது. ராத்திரிக்குள் இன்னும் இறங்கும் என்று நம்பலாம். அவள் தூங்கிவிட்டிருந்தாள், உட்கார்ந்தபடியே, வாய் லேசாகத் திறந்து, ஒரு கை மேஜையிலிருந்து நழுவித் தொங்க. அந்தக் கையை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஷஃபி" என்று குரல் வந்தது.

இரண்டு கட்டில்களுக்கும் நடுவிலிருந்த துணித் தட்டியை இழுத்து பச்சையம்மாவை மறைத்துவிட்டு, அவன் கிழவியின் கால்மாட்டுக்குப் போய் நின்று, அவள் பெயரையும் வயதையும் சொல்ல ஆரம்பித்தான்.